மறதி என்ற பெயரில் உடம்பு சொல்வது

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1984 முதல் ஒரு கணக்கெடுப்பை நடத்திவருகிறது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்களைத் தொலைபேசியில் அழைத்து, புகைப்பழக்கம் உண்டா, சர்க்கரை இருக்கிறதா, கடந்த 30 நாளில் எத்தனை நாள் உடம்பு சரியில்லாமல் போனது, எத்தனை நாள் மனசு சரியில்லாமல் போனது என்று கேட்பார்கள். 45 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பல மாநிலங்களில் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு. கடந்த 12 மாதங்களில் குழப்பமோ மறதியோ முன்பைவிட அடிக்கடி வருவதாக, அல்லது கூடிக்கொண்டே போவதாக உங்களுக்குத் தோன்றியதா? ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னால் போதும். சோதனை எதுவும் கிடையாது, டாக்டர் சீட்டும் வேண்டாம். 2015, 2016 ஆண்டுகளின் பதில்களைத் தொகுத்தபோது 100 பேரில் 11 பேர் ஆம் என்றிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சமையல், பில் கட்டுவது, மாத்திரை எடுத்துக்கொள்வது, வேலைக்குப் போவது என்று அன்றாடத்தில் ஏதோ ஒன்று அதனால் தடைபட்டிருந்தது. இந்த எண்ணிக்கையைவிட அதன் வயதுவாரிப் பிரிவுதான் என்னை யோசிக்கவைக்கிறது. 45 முதல் 54 வயதுக்காரர்களில் 10.4 சதவீதம், 75ஐத் தாண்டியவர்களில் 14.3 சதவீதம். மறதிநோய், அதாவது டிமென்ஷியா, 65 வயதுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டித்துக்கொண்டே போவது. அது செங்குத்தான ஏற்றம். மறதியாக இருக்கிறது என்று மக்கள் தாமாகச் சொல்வதோ இருபது, முப்பது ஆண்டு இடைவெளியில் நான்கு புள்ளிதான் ஏறுகிறது. ஆனால் ஏதாவது ஒரு நாள்பட்ட நோய் உள்ளவர்களை மட்டும் தனியே எடுத்தால், எந்த வயதானாலும் சரி, விகிதம் 15.2 ஆகிவிடுகிறது. 75ஐத் தாண்டிய கூட்டத்தின் விகிதத்தைவிட இது அதிகம்.

ஐம்பது வயதில் ஒருவர் தன் ஞாபகசக்தியைக் குறை சொன்னால், மூளை தேயத் தொடங்கிவிட்டதா என்பதுதான் அவருக்கும் வீட்டாருக்கும் முதலில் தோன்றுவது. மேலே சொன்ன புள்ளிவிவரம் வேறு திசையைக் காட்டுகிறது. தனக்குத் தானே தோன்றும் மறதி ஞாபகசக்தியை அளக்கும் கருவியாக மிக மோசமானது. ஆனால் உடம்பும் மனசும் வாழ்க்கை நிலையும் சேர்ந்து எப்படி இருக்கின்றன என்பதைச் சொல்லும் செய்தியாக நல்லது. அதனால் அதைக் கேட்டதும் மூளையை ஸ்கேன் எடுக்கும் திசையில் ஓடுவதும் தப்பு, வயதானால் அப்படித்தான் என்று தள்ளிவிடுவதும் தப்பு. இதை நான் ஒரு வாதமாகவே முன்வைக்கிறேன். ஏனென்றால் மருத்துவ ஆராய்ச்சி நாற்பது ஆண்டுகளாக இந்தப் புகாரைப் பெரும்பாலும் அல்சைமர் நோய்க்குப் போகும் மாடிப்படியின் ஒரு படியாகவே வைத்துப் பார்த்துவருகிறது. 1982இல் பேரி ரைஸ்பெர்க் தம் குழுவினருடன் ஏழு படிநிலை கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதில் இரண்டாம் படி, சோதனையில் எதுவும் பிடிபடாமல், ஆளுக்கு மட்டும் மறதி தெரிகிற நிலை. 2014இல் ஃபிராங்க் யெஸ்ஸன் தலைமையில் ஒரு சர்வதேசக் குழு இந்த நிலைக்கு முறையான வரையறையும் பெயரும் கொடுத்தது. தமிழில் அதைத் ‘தன்னுணர்வில் தெரியும் அறிதிறன் சரிவு’ என்று சொல்லலாம். பெயர் கிடைத்ததும் ஆய்வுகள் குவிந்தன. ஆனால் அந்தப் படியில் வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் அந்த மாடிக்கு ஏறப்போகிறவர்களே இல்லை.

புகாருக்கும் சோதனைக்கும் உள்ள உறவை முதலில் பார்க்கலாம். முதியவர்கள் தம் ஞாபகத்தைப் பற்றிச் சொல்வதும், சோதனையில் அவர்கள் எடுக்கும் மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 53 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு பகுப்பாய்வு 2014இல் வந்தது. முழுப் பொருத்தம் என்றால் 1, பொருத்தமே இல்லையென்றால் 0 என்ற அளவில் அவர்களுக்குக் கிடைத்தது 0.062. இல்லையென்றே சொல்லிவிடலாம் என்ற அளவுக்குச் சிறியது. இதை வைத்து மக்கள் பொய் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. சோதனை என்பது சத்தமில்லாத அறையில், ஒரே ஒரு வேலையை முன்வைத்து, பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்பது. வீட்டில் குக்கர் விசிலடிக்கிறது, போன் அடிக்கிறது, முழங்கால் வலிக்கிறது, நாளைக்குத் தவணை கட்ட வேண்டும். இந்த நடுவில்தான் சாவியை எங்கே வைத்தோம் என்பது நினைவில் நிற்க வேண்டும். அங்கே தவறுவது பெரும்பாலும் ஞாபகம் கிடையாது, கவனம். பதியாததை எடுக்க முடியாது. இன்னொரு வேறுபாடும் உண்டு. சோதனை ஒருவரை அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடுகிறது; ஆனால் மறதியைக் குறை சொல்பவர் தம்மைத் தம்முடைய பழைய நாளோடு ஒப்பிடுகிறார். முப்பது வருஷம் பேரேடு பார்த்த கணக்குப்பிள்ளைக்குக் கூட்டல் ஒருமுறை பிசகினாலும் உறுத்தும். சோதனைத்தாளில் அவர் அப்போதும் சராசரிக்கு மேலேயே நிற்பார். இந்த இரண்டாவது காரணத்தால்தான் புகாருக்கு ஒரு மதிப்பு மிஞ்சுகிறது: வெளியாள் அளக்க முடியாத ஒரு மாற்றத்தை அது சொல்லக்கூடும்.

சோதனையோடு ஒட்டாத புகார் வேறு எதோடு ஒட்டுகிறது? மனச்சோர்வு, பதற்றம், தூக்கக் கேடு, நாள்பட்ட வலி, இதயநோய், நுரையீரல் நோய், சர்க்கரை, பக்கவாதம், பிறகு ‘மொத்தத்தில் உங்கள் உடல்நலம் எப்படி?’ என்ற கேள்விக்கு ‘சுமார்’ அல்லது ‘மோசம்’ என்ற பதில். ஆய்வுக்கு ஆய்வு இவை திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றைப் பட்டியலாக விட்டுவிட்டால் ஒன்றும் விளங்காது. உடம்பின் கோளாறு எந்த வழியாக மறதியாக உருமாறுகிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். காதை எடுத்துக்கொள்வோம். செவித்திறன் குறைவது வருடக்கணக்கில் நடப்பது. முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். பேச்சின் ஓசை கேட்கும், மெய்யெழுத்துகள் மங்கும். ‘செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு’ என்று அடுக்களையிலிருந்து மருமகள் சொன்னது ஏதோ சொன்னாள் என்ற அளவில் விழும். கேட்டவர் பாதியைக் கேட்டு, மீதியை ஊகித்து, தலையாட்டுவார். ஊகிக்கவே மூளையின் கவனம் செலவாகிவிடுவதால் பதிய வைக்க மிச்சம் இருக்காது. மறுநாள் ‘நேத்தே சொன்னேனே!’ என்று வீடு கேட்கும். அவரும் தமக்கு மறதி வந்துவிட்டதாக நம்பத் தொடங்குவார். அங்கே நடந்தது மறதியே இல்லை. கண் மங்கினால் உடனே கண்ணாடிக் கடைக்குப் போகும் நாம், காது மங்கினால் அதை மனிதரின் குணத்தில் ஏற்றிவிடுகிறோம்.

அடுத்து, நம் வீடுகளின் மாத்திரை டப்பா. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் நல்ல மருந்து, விலை குறைவு, அதனால் ஆண்டுக்கணக்கில் தொடர்வது. நெடுநாள் எடுத்தால் உடம்பில் வைட்டமின் பி12 குறையக்கூடும். 2022இல் பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு இதை அடிக்கடி நேரும் பக்கவிளைவு என்றே அறிவித்து, அறிகுறி உள்ளவர்களுக்கு ரத்தத்தில் பி12 பார்க்கச் சொன்னது. அதோடு ‘கேஸ் மாத்திரை’ என்று கடையில் கேட்டு வாங்கிக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கும் பான்டோபிரசோல் வகையும் சேர்ந்தால், உணவிலிருந்து பி12 பிரிவதற்கு வேண்டிய அமிலமும் குறைகிறது. ஆள் சைவமென்றால் வரத்தும் குறைவு. பாதத்தில் மதமதப்பு, களைப்பு, தலைக்குள் ஒரு மந்தம்: மூன்றும் சேர்ந்து வரும்போது மூன்றாவதை மட்டும் மறதி என்று பெயரிட்டு வேறு டாக்டரிடம் போவார்கள். அரிப்புக்கும் சளிக்கும் வாங்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரை, நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் எழுதும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்கான சில மருந்துகள் எல்லாம் அசிட்டைல்கோலின் என்ற நரம்புக் கடத்தியைத் தடுப்பவை. கவனத்துக்கும் நினைவுக்கும் தேவையான வேதிப்பொருள் அது. தனித்தனியே ஒவ்வொன்றும் சிறிய அளவுதான். வெவ்வேறு டாக்டர்கள் எழுதியது ஒரே வயிற்றில் சேரும்போதுதான் கணக்கு ஏறுகிறது. தைராய்டு மந்தம், ரத்தசோகை, சர்க்கரை சட்டென்று இறங்குவது ஆகியவற்றின் கதையும் ஏறக்குறைய இதுவே. குறட்டை தனி ரகம். நம் ஊரில் குறட்டை என்றால் அசந்த தூக்கம் என்றொரு நம்பிக்கை. உண்மையில் உரத்த குறட்டைக்காரர்களில் பலருக்கு இரவில் நிமிடத்துக்கு நிமிடம் மூச்சு அடைபட்டு, ஆக்சிஜன் இறங்கி, தூக்கம் அறுந்து அறுந்து போகிறது. அவர்கள் பகலில் சொல்வது ‘தூக்கம் போதவில்லை’ என்று இருக்காது. ‘ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்குது’ என்றுதான் இருக்கும்.

இந்தப் புகார் முதியவர்களுக்கு மட்டும் உரியது என்று இருந்த எண்ணத்தையும் அண்மைய புள்ளிவிவரம் கலைத்துவிட்டது. அதே அமெரிக்கக் கணக்கெடுப்பில் எல்லா வயதினரிடமும் கேட்கப்படும் வேறொரு கேள்வி உண்டு: உடல், மனம், உணர்ச்சி சார்ந்த ஏதேனும் ஒரு நிலை காரணமாக, கவனம் செலுத்துவதிலோ நினைவில் வைப்பதிலோ முடிவெடுப்பதிலோ உங்களுக்குக் கடுமையான சிரமம் இருக்கிறதா? 2013 முதல் 2023 வரையிலான 45 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வின்படி, ஆம் என்றவர்கள் 5.3 சதவீதத்திலிருந்து 7.4 ஆனார்கள். 18 முதல் 39 வயதுக்காரர்களில் மட்டும் அது 5.1இலிருந்து 9.7க்குப் போனது. மனச்சோர்வு உள்ளதாகச் சொன்னவர்களை முன்கூட்டியே விலக்கிவிட்டுப் போட்ட கணக்கு இது. வருமானம் குறைவானவர்களிடையே விகிதம் அதிகம். இருபத்தைந்து வயதுக்காரர்களின் மூளையில் அல்சைமர் படிவு கூடிவிட்டது என்று யாரும் சொல்லப்போவதில்லை. கொரோனாவுக்குப் பிந்தைய மந்தமா, வேலையின் நிலையின்மையா, கைப்பேசி சிதறடிக்கும் கவனமா, அல்லது இப்படிப்பட்ட சிரமத்தை வெளியே சொல்லும் கூச்சம் குறைந்ததா என்பதை இந்தக் கணக்கு பிரித்துக் காட்டாது. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். கேள்வியின் அமைப்பை மட்டும் கவனியுங்கள். உடம்பையும் மனசையும் முன்னே வைத்து, நினைவைப் பின்னே வைத்துக் கேட்கிறார்கள். கேள்வி எழுதியவர்களுக்கே இந்த உறவு தெரிந்திருந்தது.

வருமானம் சிந்தனையைத் தொடும் விதத்துக்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே நடந்த ஓர் ஆய்வு உண்டு. 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அந்தக் கட்டுரைக்காக, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வெட்டுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். வெட்டுக்கு முன் கையில் காசில்லை, நகை அடகில் இருக்கும், கடன் நெருக்கும். வெட்டி ஆலைக்கு அனுப்பிப் பணம் வந்தபின் அதே ஆள் கொஞ்சம் மூச்சுவிடுவார். வடிவப் புதிர்களிலும் கவனச் சோதனையிலும் அதே மனிதர் பணம் வந்தபின் தெளிவாகச் செய்தார். ஒரே சோதனையை இரண்டாம் முறை எழுதும் பழக்கத்தால் வந்த ஏற்றம் இது என்று விமர்சகர்கள் சொன்னார்கள். ஆசிரியர்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். வறுமையும் சிந்தனையும் பற்றிய இந்த வகை ஆய்வுகளில் சில பிறகு வேறிடங்களில் செய்து பார்த்தபோது நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விளைவின் அளவில் சந்தேகம் வரலாம். ஆனாலும் ஒருவரின் சிந்தனைத் திறன் அவருடைய மண்டைக்குள் மட்டும் இருக்கும் நிலையான சரக்கு, வயது மட்டுமே அதைக் குறைக்கும் என்ற எண்ணத்தை இந்த ஆய்வு அசைத்துப் பார்த்தது.

இனி மறுப்புகளுக்கு வரலாம். முதல் மறுப்பு புள்ளியியலாளர்களுடையது. ‘உடம்பு சரியில்லை’ என்பதும் ஆள் சொன்னது, ‘மறதியாக இருக்கிறது’ என்பதும் அதே ஆள் சொன்னது. எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்ளும் சுபாவம் உள்ளவர் இரண்டையும் சொல்வார். அந்தச் சுபாவத்தைத்தான் நீங்கள் உறவு என்று காட்டுகிறீர்கள். இதில் பாதி உண்மை. சலிப்பும் பதற்றமும் மிகுந்த சுபாவத்துக்கும் மறதிப் புகாருக்கும் தொடர்பு இருப்பது பலமுறை காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் வெறும் சலிப்பு சாவை முன்னறிவிக்காது. கனடாவின் மானிடோபாவில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த மாஸியும் ஷபீரோவும் 1982இல் எழுதியது இன்றைக்கும் முக்கியமானது: தம் உடல்நலம் மோசம் என்று சொன்னவர்கள், மிக நன்று என்று சொன்னவர்களைவிட மூன்று மடங்கை ஒட்டிய விகிதத்தில் இறந்துபோனார்கள், மருத்துவப் பதிவுகள் காட்டிய நோய்களைக் கணக்கில் கழித்த பிறகும். 1997இல் ஐட்லரும் பென்யமினியும் இதுபோன்ற 27 ஆய்வுகளைத் தொகுத்தபோது பெரும்பாலானவற்றில் அதே முடிவு. மறதிப் புகாருக்கும் இப்படி ஒரு பின்தொடர் கணக்கு உண்டு. 2014இல் மிட்செலும் குழுவினரும் ஏறக்குறைய 30 ஆயிரம் பேர் அடங்கிய 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மறதியைக் குறை சொன்னவர்களில் ஆண்டுக்கு 2.33 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா வந்தது. சொல்லாதவர்களில் 1 சதவீதம். இரு மடங்கு என்று எழுதினால் பயமாக இருக்கும். நூறு பேரில் 97 பேருக்கு மேல் அந்த ஆண்டு வரவில்லை என்று எழுதினாலும் அதே கணக்குதான். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: புகாரில் ஒரு மெய்யான செய்தி இருக்கிறது, ஆனால் பெரும்பாலான புகார்களின் செய்தி டிமென்ஷியா பற்றியது அன்று.

மனநல மருத்துவர்கள் சிலர் இன்னொரு பக்கத்திலிருந்து மறுப்பார்கள். இதெல்லாம் மனச்சோர்வுதான், உடம்பை ஏன் இழுக்கிறீர்கள் என்பார்கள். மனச்சோர்வு ஒரு பெரிய காரணம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ‘வெறும் மனச்சோர்வு’ என்ற தொடரில் அந்த ‘வெறும்’ என்ற சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை. தூக்கத்தையும் பசியையும் நடமாட்டத்தையும் மாத்திரை ஒழுங்கையும் சேர்த்துக் குலைக்கும் நோய் அது. சர்க்கரைக்காரர்களிடமும் மாரடைப்பிலிருந்து மீண்டவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுவது. முதுமையில் புதிதாக வரும்போது சில சமயம் மூளை நோயின் முன்னறிவிப்பாகவும் இருப்பது. உடம்பு ஒருபக்கம், மனசு ஒருபக்கம் என்று பாகம் பிரிக்க இடமில்லாத முடிச்சு அது. காரண காரியம் தலைகீழாகவும் ஓடலாம்: நினைவு தளர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுவார், ரத்த அழுத்தம் ஏறும், ஏறிய அழுத்தம் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும். எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் கை வைக்க எளிதான இடம் ரத்த அழுத்தமும் மாத்திரை டப்பாவும்தான்.

மூன்றாவது மறுப்புதான் எல்லாவற்றிலும் வலுவானது. அது நம் பக்கத்திலிருந்தே வருகிறது. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அமர்த்தியா சென் எழுதிய சிறு கட்டுரை, தன் உடல்நலத்தைத் தானே சொல்வதை நம்பலாமா என்று கேட்டது. அவர் காட்டிய கணக்கில், அப்போது இந்தியாவிலேயே ஆயுள் மிக அதிகமாக இருந்த கேரளத்தில்தான் நோயிருக்கிறது என்று சொன்னவர்கள் மிக அதிகம். ஆயுள் குறைவாக இருந்த பீகாரில் சொன்னவர்கள் மிகக் குறைவு. அமெரிக்கர்கள் கேரளத்தாரையும் மிஞ்சினார்கள். படிப்பும் ஆஸ்பத்திரியும் எட்டும் இடத்தில்தான் உடம்பின் குறை குறையாகத் தெரிகிறது. மற்ற இடத்தில் அது விதி. இது உண்மையானால் என் வாதத்தின் அடிப்படையே ஆடும். மறதியில் இது எப்படி நடக்கிறது என்பதை வேலூர் காட்டியது. வளரும் நாடுகளில் டிமென்ஷியா பற்றி ஆராய்ந்த 10/66 என்ற குழு (டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வாழும் நாடுகளுக்கு ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூடக் கிடைப்பதில்லை என்பதையே பெயராக வைத்துக்கொண்டவர்கள்) ஏழு நாடுகளில் முதியவர்களைக் கணக்கெடுத்தது. இந்தியாவில் நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர் பக்கம். 2008இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவின்படி, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறையை வைத்துப் பார்த்தால் இந்தியக் கிராமத்தில் டிமென்ஷியா 0.3 சதவீதம்தான்; கியூபாவில் 6.3. குழு தானே உருவாக்கிய அளவுகோலை வைத்தபோது எல்லா நாடுகளும் 5.6க்கும் 11.7க்கும் இடையே வந்துவிட்டன. வேலூர்ப் பெரியவர்களுக்கு நோய் இல்லாமல் இல்லை. நோயென்று சொல்ல, அன்றாட வேலை கெட்டிருப்பதாக வீட்டார் சொல்லவேண்டும் என்பது அமெரிக்க வரையறையின் நிபந்தனை. மாமியாரின் கையிலிருந்து அடுப்பும் கணக்கும் மெல்ல மெல்ல மருமகளுக்குப் போய்விடும் வீட்டில், அவருக்கு எதுவும் கெட்டதாக யாருக்கும் தெரிவதில்லை. கெடுவதற்கு ஒரு வேலை கையில் இருக்க வேண்டுமே. யாழ்ப்பாணத்தில் இந்த முதுமை மறதிக்கு அறளை பெயர்தல் என்று பழகிய ஒரு சொல்லே உண்டு. முதுமையில் நேர்வது என்ற பொருளில்தான் அதுவும் புழங்குகிறது, டாக்டரிடம் கொண்டுபோகும் சங்கதியாக அன்று.

சென்னின் எச்சரிக்கையை நான் முழுதாக ஏற்கிறேன், ஆனால் அதன் எல்லையோடு. அமெரிக்காவில் 11, இந்தியாவில் இவ்வளவு என்று புகார்களின் எண்ணிக்கையை நாடுவாரியாக அடுக்கி எங்கே மூளை நலமாக இருக்கிறது என்று சொல்வது அபத்தம். ஊருக்கு ஊர், வகுப்புக்கு வகுப்பு, ஆணுக்குப் பெண் எதிர்பார்ப்பு மாறுகிறது. ஆனால் ஒரே ஊரில், ஒரே எதிர்பார்ப்புக்குள் வாழும் ஒருவர், போன வருஷம் சொல்லாததை இந்த வருஷம் சொன்னால், மாறியது அவருடைய பண்பாடு இல்லை. புகாரின் மதிப்பு அந்த மாற்றத்தில் இருக்கிறது. சென் சொன்னதன் மறுபக்கமும் நமக்கு முக்கியம்: சொல்லாமல் இருப்பதை நலமென்று படிக்கக் கூடாது. டிமென்ஷியா முற்ற முற்றத் தன் மறதி தனக்கே தெரியாமல் போவது அந்நோயின் இயல்பு. தன் மறதியைப் பற்றி விலாவாரியாக, எந்த நாள், எந்தப் பெயர் என்று கவலையோடு சொல்பவரைவிட, ‘எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்ல, பக்கத்தில் மனைவி முகம் வாடி நிற்கும் ஆளைப் பற்றியே நரம்பியல் மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவார்கள்.

நான்காவது மறுப்பு சிகிச்சையிலிருந்து வருகிறது. உடம்பைச் சரிசெய்தால் மறதி போய்விடுமா? 2003இல் கிளார்ஃபீல்ட் செய்த தொகுப்பு இங்கே குளிர்ந்த நீர் ஊற்றுகிறது. டிமென்ஷியா என்று கண்டறியப்பட்டவர்களில் 9 சதவீதம் பேருக்குச் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம் என்று தோன்றியது. உண்மையில் சரியானவர்கள் 0.6 சதவீதம். பி12 அளவு சரியாக இருப்பவர்களுக்கு ஊசிமேல் ஊசி போட்டும் நினைவு கூடியதாகச் சான்றில்லை. நம் ஊரில் ‘சத்து ஊசி’ வியாபாரம் மட்டும் நன்றாக நடக்கிறது. ஆனால் கிளார்ஃபீல்டின் கணக்கு நோய் முற்றிக் கண்டறியப்பட்டவர்களுடையது. தனக்கு மட்டும் மறதி தெரிகிற நிலை அதற்கு வெகு முன்னால். அங்கே பயன் எவ்வளவு என்பதற்கும் அடக்கமான விடைதான் இருக்கிறது. பின்லாந்தில் 60 முதல் 77 வயதுக்குட்பட்ட 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தக்குழாய் நலம் நான்கையும் இரண்டு வருஷம் சேர்த்துச் செய்துபார்த்தபோது (2015) சிந்தனைச் சோதனைகளில் சிறிதளவு மேம்பாடு. அமெரிக்காவில் ரத்த அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற பெரும் பரிசோதனையில் (2019) லேசான அறிதிறன் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது. டிமென்ஷியா குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காதுக்கருவி கொடுத்துப் பார்த்த 2023ஆம் ஆண்டுப் பரிசோதனையில் எல்லோரையும் சேர்த்தால் பயனில்லை. இதயநலக் குறைபாடு உள்ளிட்ட ஆபத்துகள் மிகுந்திருந்த பிரிவில் மட்டும் மூன்றாண்டில் சரிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. உடம்பில் ஏற்கெனவே பாரம் உள்ளவர்களுக்குத்தான் பயன் தெரிகிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதத்தோடு ஒத்துப்போகும் விவரம். 2024இல் லான்செட் குழு, டிமென்ஷியாவில் 45 சதவீதம் 14 காரணிகளோடு தொடர்புடையது என்று சொன்னபோது பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் குடும்ப டாக்டர் பார்க்கும் விஷயங்கள்: அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது, கண், மனச்சோர்வு, புகை, குடி, தனிமை. இவற்றைக் கவனிப்பதால் டிமென்ஷியா தள்ளிப்போகாமலே இருந்தாலும்கூட, காது கேட்பதும் இரவில் தூங்குவதும் தனியே பயனுள்ளவைதாமே.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். அமெரிக்கக் கணக்கெடுப்பில் மறதி கூடுகிறது என்றவர்களில் அதை ஒரு மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. சொல்வதற்குப் பயம் ஒரு காரணம்: பெயர் சூட்டிவிடுவார்கள், வண்டி ஓட்டக்கூடாது என்பார்கள், பிள்ளைகள் சொத்துப் பத்திரத்தை எடுத்துவைத்துக்கொள்வார்கள். கேட்பவருக்கு நேரமில்லாதது இன்னொரு காரணம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மாதாமாதம் அதே முகம், அதே திண்ணை. போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காண அதைவிட நல்ல இடம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடையாது. அங்கே எம்.ஆர்.ஐ. வேண்டியதில்லை. ‘மறதியா இருக்காம்மா?’ என்று கேட்டால் ‘வயசாச்சில்ல’ என்ற பதிலே வரும். அதற்குப் பதிலாக, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், பக்கத்துக் கடையில் வாங்கியதும் சேர்த்து, ஒரு தட்டில் கொட்டச் சொல்லிப் பார்க்கலாம். முகத்தை மறைத்துக்கொண்டு மெல்லிய குரலில் ஒரு கேள்வி கேட்டு, காதில் விழுகிறதா என்று பார்க்கலாம். ராத்திரி குறட்டை எப்படி என்று பக்கத்தில் படுப்பவரைக் கேட்கலாம். போன மாதம் யார் வீட்டுக்காவது போனீர்களா, முன்பு செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள் என்று கேட்கலாம். பத்து நிமிஷ வேலை. வேலூர்க் கணக்கில் காணாமல் போன பாட்டியின் நோய், அந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் ஒளிந்திருந்தது.